ஏஜென்சிக்காரர் கண்டுபிடித்த நல்ல குணம்

எழுபதுகளின் கடைசியில் அரபு நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு ஆள் எடுக்கவென்று கொழும்பிலிருந்து ஓர் ஏஜென்சிக்காரர் திருகோணமலைக்கு வந்தார். வேலை தெரிந்த ஆட்களைத்தான் தேடுகிறார் என்று ஊர் நம்பியது. எங்கள் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரும் என் தம்பியும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்த மகான் வைத்த சோதனையைக் கேளுங்கள். அறையில் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. யாரையும் இருக்கச் சொல்லாமல் அவர் பாட்டுக்குப் பேப்பர் வாசித்தார். பெரியவர்கள் சொல்லாமல் அவர்கள் முன்னால் உட்காருவது எங்கள் பக்கத்து வழக்கமில்லைதான். ஆனால் என் கணவருக்குக் கால் கடுத்தது, உட்கார்ந்துவிட்டார். அதோடு அவருக்கு வெளிநாடு இல்லை. தம்பி மத்தியானம் வரை நின்றான். விஞ்சைப் பற்றி அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை.

"சொல்லமுதல் கதிரையில இருக்கிறவர் வெளிநாட்டில நிண்டுபிடிக்கமாட்டார். குணம்தான் முக்கியம். இந்தத் தம்பி முன்னுக்கு வருவார்" என்றாராம்.

பிறகென்ன, எங்கள் ஊர் அன்புவழிபுரம் முழுக்க என் தம்பியின் பணிவைப் பற்றியே கதை. அதுவரை அவனை வாயில்லாப் பூச்சி என்று சிரித்த அதே வாய்கள்தான்.

போன இடத்தில் அவனுக்கு விஞ்ச் கொடுக்கவில்லை. கம்பனிப் பெரியவர் ஒருவரின் வீட்டில் காரும் கக்கூசும் கழுவவிட்டார்கள். அவன் ஏனென்று கேட்கவில்லை. இதையெல்லாம் அவன் திரும்பி வந்த பிறகு, நான் துருவித் துருவிக் கேட்டுத்தான் வெளியே எடுத்தேன். ஊருக்கு அவன் கொண்டுவந்த ரேடியோ போதும், கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டது. வீட்டில் நான் பார்த்தது வேறு. சாப்பிடும்போது என் கணவர் உள்ளே வந்தால் சோற்றுக் கோப்பையோடு எழும்பி நிற்கிறான். குளிக்கப் போகவும் என்னிடம் உத்தரவு கேட்கிறான்! அந்த நல்ல குணத்தைத் தூக்கிக் கடலில் எறிய வேண்டும் போலிருந்தது.

ஏஜென்சிக்காரர் பிஸ்கட் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். அந்த வீட்டு முதலாளி இவனைத்தான் திரும்பவும் கேட்கிறாராம். தானும் புதிதாகப் போகிறவர்களுக்கெல்லாம் இவனைத்தான் உதாரணம் காட்டுகிறாராம். நான் தம்பியைக் குசினிக்குள் கூப்பிட்டேன்.

"இன்னொருக்காப் போனியெண்டால் நீ மனுசனாத் திரும்பிவரமாட்டாய். ஏலாது எண்டு அவருக்குச் சொல்லு. விளங்குதோ?"

"ஓம் அக்கா."

"என்ன சொல்லப்போறாய்?"

"ஏலாது எண்டு."

அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோசம். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே விறாந்தைக்குப் போனேன்.

"என்ன தம்பி, அடுத்த மாசமே வெளிக்கிடுவீங்கள்தானே?" என்றார் ஏஜென்சிக்காரர்.

என்னிடம் சொன்ன அதே குரலில் தம்பி சொன்னான்:

"ஓம் ஐயா."