ஆவணியில் வந்த கார்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் தென்காசியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தையல்காரர். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரே மெஷின் வைத்து ஒரு சின்னக் கடை. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது.

மலத்தோடு இரத்தம் போனது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறவருக்கு மூலம்தானே வரும் என்று ஒன்றரை வருடம் கருணைக்கிழங்கும் மோருமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். நானே பெரிய டாக்டர் என்று நினைப்பு. கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மலக்குடலில் புற்றுநோய் என்றார்கள். கட்டி பெரிதாக இருந்ததால் உடனே அறுக்க முடியாதாம். முதலில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்து, நரம்பில் மருந்து ஏற்றி அதைச் சுருக்க வேண்டும், அது முடிந்து ஒன்றரை மாதம் கழித்து ஆபரேஷன் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு வயிற்றில் ஒரு வழி வைப்போம், மலம் அதன் வழியாகப் பையில் இறங்கும், ஆயுசுக்கும் அப்படித்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

ஐந்து வாரம் அங்கேயே தங்கிக் கரண்டு வைத்தோம். கரண்டு வைக்கிற இடம் தெரிய இடுப்பில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். அது அழியக் கூடாது என்பதால் குளிக்கவும் கூடாது. குற்றாலத்துத் தண்ணீரில் ஊறி வளர்ந்த மனிதர்! ஈரத்துணியால் நான் துடைத்துவிடும்போதெல்லாம் மதுரை வெயிலைத் திட்டுவார். வாந்தி, வாயெல்லாம் புண், உட்கார முடியாத எரிச்சல். பக்கத்துக் கட்டிலில் பை வைத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். அந்த வாடையில் எனக்குச் சோறு இறங்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் அதைக் கவனித்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஊர் திரும்பும்போது ஆனி பாதி. குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. மறுநாளே ஐந்தருவிக்குப் போய்விட்டார். அப்புறம் தினமும் காலையில் முதல் பஸ். கொஞ்ச நாளில் எரிச்சல் அடங்கியது, இரத்தமும் நின்றது. சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அது கரண்டு செய்த வேலை. இரத்தம் நின்றாலும் நோய் போய்விட்டதாக எண்ணி இருந்துவிடாதீர்கள் என்று டாக்டர் அப்போதே எச்சரித்திருந்தார். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அருவியை விட்டுவிட்டுக் கரண்டு மெஷினுக்கா நன்றி சொல்வார்கள்? மூலிகையில் புரண்டு வருகிற தண்ணீர் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவரும் நம்பினார்.

ஆபரேஷனுக்கு வரச் சொன்னது ஆடிக் கடைசியில். ஆடி கழியட்டும் என்றார். ஆவணி பிறந்தும் பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் ஒருநாள் கேட்டேன்.

"ஏட்டி, வயித்துல பையக் கட்டிக்கிட்டு உக்காந்தா எவன் எங்கிட்ட சட்ட தைக்கக் குடுப்பான்? இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்றார்.

நான் அடுப்படிக்கு எழுந்து போனேன்.

அடுத்த வாரம் அவர் அருவிக்குப் போயிருந்த நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தது. ஆபரேஷனுக்கு உடனே வரவும், இனியும் தாமதித்தால் ஆபத்து என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். அவரிடம் காட்டியிருந்தால் போயிருப்பார். எழுத்தில் உள்ளதை மீறாத மனிதர் அவர். அளவு நோட்டில் குறித்ததற்கு மேல் ஒரு விரற்கடை துணி கூட வெட்ட மாட்டார். கார்டை அரிசி டின்னுக்குள் அடியில் செருகினேன். ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டே வந்தார். நாளைக்குக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்தப் பைக்கும் அந்த வாடைக்கும் நான் பயந்தேன்.

மார்கழி பிறந்ததுமே மறுபடியும் இரத்தம். இந்தத் தடவை வலியும் சேர்ந்துகொண்டது. மதுரைக்கு ஓடினோம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், படம் எடுத்தார். நோய் ஈரலுக்குப் போய்விட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்றார். அப்புறம் கோபத்தோடு, "கார்டு போட்டோமே, ஏன் வரல?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பிறகு டாக்டரிடம், "சாரல் நேரம்லா சார். தபால்காரர் எங்கனயாவது நனைய விட்டிருப்பாரு" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். பொங்கலுக்குத் தைக்க ஒத்துக்கொண்ட சட்டைகளைப் பற்றித்தான் பேசினார். வீட்டுக்கு வந்ததும் நான் அந்தக் கார்டை அடுப்பில் போட்டேன். அதன் பிறகும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் துடைத்துவிட்டேன், கஞ்சி புகட்டினேன். எந்த வாடைக்குப் பயந்தேனோ அதைவிடக் கொடிய வாடை வீடு முழுக்க இருந்தது. ஒருநாளும் முகத்தைத் திருப்பவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்? சித்திரை பிறந்த நாலாம் நாள் போய்விட்டார்.

இப்போதும் சாரல் விழுந்தால் தெருவே அருவிக்குக் கிளம்பும். நான் போவதில்லை. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு முழுசாக நாலு மாதம் இருந்தது. அதையும் நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளிவிட்டேன் என்பதுதான் இன்றுவரை நெஞ்சை அறுக்கிறது.