பொம்மைப் படத்துக்கு விழுந்த புளியங்கொட்டைகள்

முழுநீளக் கார்ட்டூன் படங்களுக்கென்று தனி விருது கொடுக்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுண்டிப்போகும்.

எழுபதுகளில், வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவப் பங்குக் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு படம் போடுவோம். நான் இளைஞர் மன்றச் செயலாளர். வருஷக் கடைசியில் ஊரே ஓட்டுப் போட்டுச் சிறந்த படத்தைத் தேர்ந்தெடுக்கும். ஆளுக்கொரு புளியங்கொட்டை. பிடித்த படத்தின் போஸ்டருக்கு முன்னால் இருக்கும் சட்டியில் அதைப் போட வேண்டும். ஜெயித்த படத்தின் போஸ்டருக்கு மாலை.

அந்த வருஷம் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் படமும் போட்டிருந்தோம். பாஷை ஒருவருக்கும் புரியவில்லை. என் அண்ணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மற்ற படங்களில் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார். அன்று எங்களுக்கு முன்பே சிரித்தார்.

ஓட்டில் அந்தச் சட்டிதான் நிரம்பியது. எனக்கு அது மானக்கேடாகப் பட்டது.

"பொம்மைக்கு மாலை போட்டா பக்கத்து ஊர்க்காரன் இன்னா சொல்லுவான்? இது பசங்க படம்பா, சேராது" என்று கத்தி, சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கொட்டினேன். இரண்டாவதாக வந்த படத்துக்கு மாலை விழுந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான் கத்தியது அண்ணிக்குக் கேட்கவில்லை, கொட்டியதைப் பார்த்தார்.

அடுத்த வருஷம் அவரிடம் புளியங்கொட்டையை நீட்டினேன். வாங்கியவர் சட்டிகள் பக்கம் திரும்பவே இல்லை. அதை என் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.