போல்ட்டுக்கு வைத்த பொட்டு

இன்று திருவேங்கடம் போகும் பஸ்ஸில், கல்லூரி என்.சி.சி.யில் எனக்கு சீனியராக இருந்த துரைப்பாண்டி அண்ணாச்சியைப் பார்த்தேன். பக்கத்தில் அவர் மனைவி.

என்னைக் காட்டி அந்த அம்மாவிடம் சொல்கிறார்: "துப்பாக்கியக் கெடுத்த பிள்ளைன்னு சொல்லுவேன்லா, அது இவதான்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது எண்பதுகளில், சங்கரன்கோவிலில். ஆயுத பூஜைக்கு மறுநாள் சுடும் பயிற்சி. முதல் குண்டு போய்விட்டது. துப்பாக்கியின் பின்தாழான போல்ட்டை இழுத்தால் காலித் தோட்டா கூடவே வரவில்லை, உள்ளேயே நிற்கிறது.

குழலை இலக்கை விட்டுத் திருப்பாமல், படுத்தபடியே கையைத் தூக்கினேன். ஓடி வந்தது இதே அண்ணாச்சிதான்.

"பொம்பளப் பிள்ளை இழுத்தா இப்படித்தான். எந்திரிட்டி!"

நான் எழவில்லை. போல்ட்டைக் கழற்றி, தோட்டாவைக் கவ்வும் கொக்கிக்கு அடியில் ஹேர்பின்னால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் கட்டியாக உதிர்ந்தது. மேலே குங்குமம் வேறு. மாட்டி இழுத்ததும் தோட்டா துள்ளி விழுந்தது.

முந்தின நாள் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிப் பொட்டு வைத்த பக்திமான் யார்?

"நீங்கதான அண்ணாச்சி!" என்று பஸ்ஸிலேயே கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"போன ஆயுத பூஜைக்கு மறுநாள் என் தையல் மெஷினும் இப்படித்தான நின்னுச்சு? என் கை சரியில்லன்னு சொன்னீய?"

நான் இறங்கிவிட்டேன். அண்ணாச்சி இறங்க இன்னும் நாலு ஸ்டாப் இருந்தது.

உங்கள் வீட்டில் யார் கை பட்டு எது கெட்டதாகப் பேச்சு?