சரசு அக்காவின் மேசையும் வீட்டுக்காரரின் டிவியும்

இன்னும் கோபம் அடங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

கல்மண்டபம் பகுதியில் ஒற்றை அறை வீடு. பல வருஷமாகத் தரையில் உட்கார்ந்து கைமெஷினில் துணி தைப்பவர் சரசு அக்கா. பகலில் தையல் மேசை, மடக்கினால் இரவில் கட்டில் என்று ஒன்று செய்துதரச் சொல்லி, தச்சுவேலை செய்யும் என்னிடம் கேட்டிருந்தார். இன்று காலை கொண்டுபோய்ப் பொருத்தினேன்.

மேசையை விரித்ததும் அவர் கணவர் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சூப்பரா கீது மாமு. டிவிக்குக் கரீக்டான எடம்."

"அண்ணா, இது அக்கா தைக்கிறதுக்குச் செஞ்சது," என்றேன்.

"அவ கீழயே குந்திக்கினு தெப்பா. இத்தினி வருசம் அப்டித்தானே தெச்சா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாய் திறப்பதற்குள் அக்கா மெஷினைத் தூக்கி மேசை நடுவில் வைத்துவிட்டார்.

"இத்தினி வருசத்துல என் முதுகு வலிக்குதான்னு ஒரு நாளு கேட்டியா? டிவிய நீ கீழ வெச்சிப் பாரு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே டிவியைத் தரையில் இறக்கினார். அக்கா தைக்கத் தொடங்கினார்.

சின்ன வீட்டில் எல்லோரும் நெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும், நகர்ந்து உட்காரச் சொல்வது மட்டும் ஏன் ஒரே ஆளை? உங்கள் வீட்டில் அது யார் என்று சொல்லுங்கள். கணவன்மார்களும் பதில் போடலாம்.