ஏழு பெட்டிகளில் வந்த கார்

ஓமானின் சலாலாவில் கரீஃப் என்னும் மழைக்காலத் தூறல் தொடங்கிவிட்டால் நீலாவுக்கு அந்தக் காரின் நினைப்பு வந்துவிடும். "போன தடவை இந்நேரம்" என்று பேச்சைத் தொடங்குவாள். அந்தப் 'போன தடவை' முடிந்து ஏழெட்டு வருடமாகிறது என்பதைச் சீதாராமன் ஒருநாளும் எடுத்துச் சொல்லமாட்டார்.

நீலா கோயமுத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். பம்ப்செட் கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்தாள். வங்கி அதிகாரி சீதாராமனைக் கல்யாணம் செய்துகொண்டு, அவருடைய ஃபேமிலி விசாவில் சலாலா வந்ததோடு அது நின்றது; அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. ஆறு வருடம் சமைத்தாள், மகள் தாரிணியை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். குறை என்று யாரிடமும் சொன்னதில்லை. மிக்ஸி ரிப்பேரானால் மட்டும் அவள் முகம் மலர்ந்துவிடும்.

அப்போதுதான் எதிர்வீட்டு வெள்ளைக்காரர் வேலை முடிந்து தன் நாட்டுக்குக் கிளம்பினார். வீட்டிலேயே தன் கையால் மாட்டிச் சேர்த்துக்கொள்வதற்காக அவர் வரவழைத்திருந்த கார் ஒன்று, கட்டைப் பிரிக்கக்கூட நேரமில்லாமல், ஏழு மரப்பெட்டிகளில் துண்டு துண்டாகக் கிடந்தது. உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார். சீதாராமன் மறுக்க வாயெடுப்பதற்குள் நீலா சொல்லிவிட்டாள்: "எடுத்துக்கலாங்க."

"இதை யாரு மாட்டறது?"

"வேற யாரு? நாந்தான்."

ஷெட்டில் நின்ற அவர்களுடைய கார் தெருவுக்குப் போனது. விடுமுறையான வெள்ளி, சனி இரண்டு நாளும் நீலா ஷெட்டிலேயே இருந்தாள். சீதாராமனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒவ்வொரு போல்ட்டாகத் தூக்கிக் காட்டி, "இது எதுக்கு நீலா?" என்பார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் அத்தனை பேசியதில்லை.

மாடியில் குடியிருந்த காயல்பட்டணத்து ஜுலைஹா பீவி முதலில் சிரித்தாள். பிறகு சீட்டுக்கு உறை தைக்க அவளே அளவெடுத்தாள். "கார் ஓடுதோ இல்லியோ, சீட்டு நல்லா இருக்கணும்" என்றாள்.

இரண்டு கரீஃப் போய், இன்ஜின் ஏறி, வயரெல்லாம் மாட்டியாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை நீலா சாவியைத் திருப்பினாள். டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியை மாற்றினாள். மறுபடியும் டிக். பார்க்க வந்திருந்த ஜுலைஹா பீவி மாடிக்குப் போய்விட்டாள்.

நீலா தரையில் உட்கார்ந்து அழுதாள். "எல்லாம் மறந்துபோச்சுங்க. நான் இப்ப இன்ஜினியரே இல்லை."

சீதாராமன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வழக்கம்போல ஒரு போல்ட்டைத் தொட்டுக் காட்டினார். "இது எதுக்கு?"

"எர்த் வயர். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கு..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். காரின் இரும்புச் சட்டமான சேஸிஸ் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். பெயின்ட்டின் மேலேயே வயரை முடுக்கியிருந்தாள். கரண்ட் எப்படிப் போகும்? போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளவென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்கினாள்.

இன்ஜின் உறுமிய உறுமலில் ஜுலைஹா பீவி செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடிவந்தாள்.

ரோட்டில் ஓட்ட வேண்டுமென்றால் காட்டவேண்டிய காகிதங்கள் அவர்களிடம் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் சலீம் தன் தென்னந்தோப்பைத் திறந்துவிட்டார். கூரையில்லாத காரில் தூறலில் நனைந்துகொண்டே, வாழைகளுக்கும் தென்னைகளுக்கும் நடுவே நீலா ஓட்டினாள். பக்கத்தில் சீதாராமன் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மஸ்கட்டிலிருந்து ஒருவர் பந்தயத் திடலில் ஓட்டுவதற்காகக் கேட்டு வந்து, காரை லாரியில் ஏற்றிப்போனார். அதற்கப்புறம் நீலா விசா மாற்றிக்கொண்டு, வாடகைக் கார் கம்பெனி ஒன்றின் ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல வேலை, மரியாதையான இடம். சீதாராமனும் மேனேஜராகிவிட்டார், வெள்ளிக்கிழமையிலும் போன் அவரை விடுவதில்லை.

இந்தத் தடவை தூறல் விழுந்த அன்று அவராகவே கேட்டார்: "இன்னொரு கார் வரவழைக்கலாமா நீலா?"



"வேண்டாங்க. இப்ப உங்களுக்கு எந்த போல்ட்டு எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே எதைக் கேப்பீங்க?"