சுவரில் சின்னம்மாவின் கைகள்

துர்க்காவுக்கு இரண்டு தொழில். பகலில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீடியோக் கடையில் கலியாண வீட்டுப் படங்களை வெட்டி ஒட்டுவாள். மாப்பிள்ளையின் மாமன்மார் பந்தியில் வயிறு முட்டத் தின்று ஏவறை விடுகிற இடங்களை எடுத்தெறிந்துவிட்டு, பொம்பிளையின் கண்ணீரை மெதுவாக ஓடவிடுவாள். சம்பளம் அதற்குத்தான். மற்றத் தொழிலை என்னவென்று சொல்வதென்று தாய் மங்கையற்கரசிக்கே தெரியாது. யாரும் கேட்டால், "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவாள்.

விஷயம் இதுதான். லண்டனில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் தபேலாவையும் தவிலையும் கொம்பியூட்டருக்குள் போட்டு, நெஞ்சுக்கூடு அதிர ஒரு இசை செய்கிறார்கள். கிளப்புகளில் அதற்குத்தான் ஆட்டம். அப்படியொரு பிள்ளை ரிஃப்கா. வருடத்தில் இரண்டொரு தடவை ரொறன்ரோவுக்கு வருவாள். அவள் இசையை ஓடவிட, பக்கத்தில் லப்டொப்போடு இருந்து, தாள அடிக்கு ஏற்றபடி சுவரில் படங்களை ஆட்டுவது துர்க்காவின் வேலை. நாங்கள் யார், எவ்விடத்து ஆட்கள் என்று போஸ்டரில் பெரிய எழுத்தில் கேட்டிருப்பார்கள். அதற்கு விடை கண்டுபிடித்துக்கொண்டு வீடு போனவர் எவருமில்லை. கால் உளைவோடு போனவர்கள்தான் கனபேர்.

துர்க்காவின் படங்களில் பேர் எடுத்தது கைகள். ஆராத்தித் தட்டைப் பிடித்த இரண்டு கைகள் சுவர் முழுக்க மேலும் கீழும் சுற்றும். வளையல் குலுங்குகிற இடத்தில் ரிஃப்காவின் அடி விழும். சனம் கத்தும். ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்காரர் வந்து பார்த்துவிட்டு, முகம் பறிபோன அகதிகளின் அடையாளத்தை இந்தக் கலைஞர் எப்படிக் காட்டியிருக்கிறார் பாருங்கள் என்று அரைப் பக்கத்துக்கு உருகியிருந்தார். துர்க்கா அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

முகம் ஏன் இல்லையென்றால், தாய் போட்ட சட்டம் அது. யுத்தநிறுத்த காலத்தில் கிளிநொச்சியில் சின்னம்மா யோகமலர் தன் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு செய்து, வீடியோ எடுத்து, கசற் ரேப்பாக அனுப்பியிருந்தாள். அந்த ரேப்பைத் துர்க்கா கொம்பியூட்டரில் ஏற்றியதைக் கண்டு தாய் கத்தினாள்.

"குடிச்சுப்போட்டு ஆடுறவங்களுக்கு முன்னால குமர்ப்பிள்ளையின்ர முகத்தைப் போடப்போறியோ? மலரின்ரயும் வேண்டாம். முகங்களை வெட்டிவிடு. கையைக் காலைக் காட்டு, போதும்."

துர்க்காவும் வெட்டினாள். கழுத்துக்கு மேல் ஒன்றையும் விடவில்லை. அப்படி மிஞ்சியவைதான் ஆராத்தித் தட்டோடு சின்னம்மாவின் கைகள். நல்ல பிள்ளையாக இருந்ததுதான் அவள் செய்த பிழை.

2009 மே மாதம் பிறந்தபோது யோகமலரிடமிருந்து போன் வந்து வாரக்கணக்காகிவிட்டது. கடைசியாகப் பேசும்போது, முள்ளிவாய்க்கால் பக்கம் பங்கருக்குள் இருக்கிறோம், தண்ணிதான் பெரிய கஷ்டம் என்று சொன்னாள். பிறகு சத்தமேயில்லை. பிறகு எல்லாம் முடிந்தது என்று ரீவி சொன்னது. சென் ஜேம்ஸ் ரவுணில் தங்கள் பதினோராம் மாடி வீட்டில் தாயும் மகளும் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மகேஸ்வரன் என்றொருவர், தப்பி வந்தவர்களை அடைத்த முகாம்களுக்குள் ஆள் வைத்துத் தேடுவதாகச் சொல்லிப் படங்கள் சேர்த்துக்கொண்டிருந்தார். அது கேள்விப்பட்டதும் மங்கையற்கரசிக்கு உயிர் வந்தது.

"பிள்ளை, உன்ர கொம்பியூட்டரில இருக்கிற சாமத்தியவீட்டைப் போடு. மலரின்ர முகம் வடிவாத் தெரியிற இடமாப் பார்த்து ஒரு படம் எடுத்துத் தா."

"அதில முகம் இல்லையம்மா. நீங்கள்தானே வெட்டச் சொன்னது. ரேப்பை எடுங்கோ, அதில எடுப்பம்."

"ரேப்போ?" தாய் முழித்தாள். "அதை எப்பவோ எறிஞ்சுபோட்டன். இயக்கத்தை இஞ்ச தடைசெய்த நேரம், வீடு வீடாச் செக் பண்ணுறாங்களாம் எண்டு கதை வந்ததெல்லோ. அந்த வீடியோவில, பந்தியில புலி யூனிபோமோட ஒரு பெடியன் இருந்து சாப்பிடுறான். பயத்தில குப்பைக் குழாய்க்குள்ள போட்டுட்டன். உன்னட்டை முழுசா இருக்குத்தானே எண்டு…"

துர்க்கா கொம்பியூட்டரில் இடம் போதாமல் முழுப் படத்தையும் எப்போதோ அழித்திருந்தாள். அலுமாரிக்குள் ரேப் இருக்கிறதுதானே என்ற தைரியம். தாய் மகளை நம்பினாள், மகள் தாயை நம்பினாள், நடுவில் யோகமலரின் முகம் போய்விட்டது. இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவர் கோபம் வந்தது.

வேறு படமும் இல்லை. இடம்பெயர்ந்த ஓட்டங்களில் எல்லாம் போயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு பிள்ளைகள் கூட்டத்துக்குள் சின்னப் பெட்டையாக நிற்கும் யோகமலர். அதைப் பார்த்துவிட்டு மகேஸ்வரன், "உதை வைச்சு நாற்பத்தைஞ்சு வயது மனுசியை எப்பிடியக்கா தேடுறது?" என்று பக்குவமாகத்தான் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து ரிஃப்கா வந்து இறங்கினாள். நிகழ்ச்சி முன்பே குறித்தது. துர்க்கா வரமாட்டேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருக்க, தாய் குறுக்கே வந்தாள்.

"அங்க படம் போடுற சுவர் பெருசோ?"

"ஓம்."

"அப்ப என்னையும் கூட்டிக்கொண்டு போ. பெருசாப் பார்த்தால் எங்கையாவது ஒரு மூலையில முகம் தெரியும்."

பின்னேரம், ஆட்கள் வருமுன் போனார்கள். வழியில் யூனிவர்சிற்றி அவெனியூவில் ஈழத்துக்காகக் கொடிகளோடு நின்ற சனத்துக்குள் தெரிந்த முகங்கள் இருந்தன. கிளப்புக்குள் பியர் நாற்றம். மங்கையற்கரசி செருப்பை வாசலில் கழற்றப் போய், துர்க்கா தடுத்ததால் போட்டுக்கொண்டாள். ரிஃப்கா ஓடிவந்து, "வாங்க அன்ரி" என்று இருக்கக் கதிரை போட்டாள்.

சுவரில் கைகள் வந்தன. ஆள் உயரத்துக்கு இரண்டு கைகள், ஆராத்தித் தட்டோடு. பழக்கதோஷத்தில் ரிஃப்காவின் அடியும் சேர்ந்து விழுந்தது. அவள் பதறிப்போய் அதை நிற்பாட்டினாள். சத்தமில்லாமல் அந்தக் கைகள் சுற்றின.

மங்கையற்கரசி எழும்பிச் சுவருக்குக் கிட்டப் போனாள். அவளுடைய நிழல் தங்கச்சியின் கைகளில் விழுந்தது. ஓரங்களைத் தேடினாள். பித்தளைத் தட்டின் மினுக்கத்துக்குள் ஏதும் தெரிகிறதா என்று தேடினாள். ஒரு தடவை கழுத்து வரை வந்தது. அவ்வளவுதான்.

"நிப்பாட்டு! இதைப் பெருசாக்கு."

வலது மோதிரவிரல். நகம் கோணலாக, இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது.

"நான்தான் கதவை அடிச்சுச் சாத்தினனான்," என்றாள் மங்கையற்கரசி. "என்னோட சண்டை பிடிச்சுக்கொண்டு பின்னால ஓடி வந்தவள். விரல் நசிஞ்சது. அக்கா தெரியாமச் சாத்திப்போட்டா எண்டு ஐயாவுக்குப் பொய் சொல்லி என்னைக் காப்பாத்தினவள்." அந்தப் பெரிய விரலில் நெற்றியை வைத்து அழுதாள். அவ்வளவு நாளும் அடக்கி வைத்த அழுகை அது, கட்டிடம் கேட்க அழுதாள்.

ரிஃப்கா பக்கத்தில் வந்து நின்றாள். "தொண்ணூறில இயக்கம் முஸ்லிம் ஆக்களோட எங்கட வாப்பான்ர வீட்டாரையும் யாழ்ப்பாணத்தால அனுப்பேக்க ஒரு படமும் கொண்டுபோக விடேல்லை அன்ரி. அவர்ர உம்மான்ர முகம் எனக்குத் தெரியாது." மங்கையற்கரசி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிரவு நிகழ்ச்சியில் துர்க்கா படம் போடவில்லை. சுவர் வெறும் வெள்ளையாக இருந்தது. வந்தவர்கள் அதுவும் கலைதான் என்று நினைத்துக் கைதட்டினார்களாம்.

ஜூன் மாதம் முகாம் வீடியோக்கள் ஒவ்வொன்றாக இணையத்தில் வரத் தொடங்கின. துர்க்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தாயோடு இருந்து பார்த்தாள். முள்ளுக்கம்பிக்குப் பின்னால் வரிசை வரிசையாக முகங்கள். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, எல்லாம் ஒரே வீட்டு ஆட்கள் போலிருந்தன. ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் துர்க்கா படத்தை நிற்பாட்டினாள். ஒவ்வொரு தடவையும் தாய் உற்றுப் பார்த்தாள்.

"என்னம்மா? சின்னம்மா இல்லையோ?"

"தெரியேல்லைப் பிள்ளை." மங்கையற்கரசி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "அவளின்ர முகம் எனக்கு நினைவில வருகுதில்லை. இந்த முகங்களைப் பாக்கப் பாக்க இருந்ததும் அழிஞ்சு போகுது."

பிறகு கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"முகங்களை வெட்டிவிடு," என்றாள். "கம்பியைப் பிடிச்சிருக்கிற கையளை மட்டும் காட்டு."