அண்ணன் தங்கை வால்ட்ஸ்

தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரில் நான் படித்த கல்லூரியில், சனிக்கிழமை மதியங்களில் மேல்நாட்டு ஜோடி நடனம் சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் தாளாளர் நூல் மில் முதலாளி. மெஷின் வாங்க ஜெர்மனி போனவர், அங்கே ஒரு விருந்தில் எல்லாரும் ஜோடி ஜோடியாக எழுந்து ஆட, தான் மட்டும் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த அவமானத்தோடு திரும்பி வந்தார். “நம்ம புள்ளைக நாளைக்கு எக்ஸ்போர்ட்டு அது இதுன்னு போய், நாலு பேரு முன்னாடி முழிக்கக் கூடாதுங்க” என்று மேடையிலேயே சொன்னார். கடைசி வருடத்தில் இருபத்து நாலு பேரைப் பொறுக்கினார்கள், பாதிக்குப் பாதி. இங்கிலீஷ் நன்றாகப் பேசியதால் அதில் நானும் ஒருத்தி.

சொல்லிக்கொடுக்க வந்தவர் போத்தனூர் ரயில்வே காலனியில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய மிஸ். அவர் எங்களை உயரவாரியாக நிறுத்தி ஜோடி சேர்த்தார். எனக்கு வாய்த்தவன் வெள்ளகோவில் பக்கம் பெரிய தோட்டத்துக்காரர் வீட்டுப் பையன். என் தாத்தா அவிநாசி பக்கம் அப்படி ஒரு தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். அப்பா மில் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. அந்த மதியங்களில் இதெல்லாம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு காலை மிதிபடாமல் காப்பாற்றுவதே பெரிய பாடாக இருந்தது.

அவன் இடது காலை முன்னால் வைத்தால் நான் வலது காலைப் பின்னால் வைக்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் ஒன்று, பிறகு சேர்த்து நிற்க வேண்டும். வால்ட்ஸ் என்பது அவ்வளவுதான். “கையைப் பிடிக்காதே, வெச்சுக்கோ” என்பார் மிஸ். மூன்றாவது சனிக்கிழமை எண்ணிக்கை மறந்துபோய்க் கால்கள் தானாகப் போயின. ஹாலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தோம். மிஸ் கை தட்டி, வகுப்பின் நிறைவு விழாவில் முதல் ஜோடி நாங்கள்தான் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடைப்பக்கமே போகாத பெண் நான். அந்த விழாவில் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்ட மாதிரி அந்த வயதில் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

நாலாவது சனிக்கிழமை அந்தியூரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்தார். “ஏனுங்க, என்ற புள்ள கையை எவனோ ஒருத்தன் புடிக்கறானாமுங்க?” என்று வாசலிலேயே கேட்டார். வகுப்பை நிறுத்தத் தாளாளருக்கு மனமில்லை. பெற்றோரைப் பகைக்கவும் முடியாது. பொருளாதாரப் பேராசிரியர் ஒருவரிடம் பொறுப்பை விட்டார். அவர் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, உலகத்தில் வேறெங்கும் யாருக்கும் தோன்றியிருக்காது.

தோட்டத்துக்காரர்களின் சாதியில் கூட்டம் என்று உட்பிரிவுகள் உண்டு. ஒரே கூட்டத்துக்காரர்கள் பங்காளிகள், பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. அந்தப் பேராசிரியர் ஊர்ப் பெயரைக் கேட்டாலே கூட்டத்தைச் சொல்லிவிடுவார். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூட்டமாகப் பார்த்து ஜோடி போட்டார். அண்ணன் தங்கை கையைப் பிடித்தால் யார் என்ன சொல்ல முடியும்? மற்ற சாதிப் பிள்ளைகளுக்கும் அவரவர்க்குள் ஒரு முறையைத் தேடிப் பொருத்திவிட்டார். ஜோடிக்கு எதிரே ‘அண்ணன், தங்கை’ என்று எழுதிய பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறியது. அதைப் பார்த்துவிட்டு, “ஒரே காலேஜில் இத்தனை அண்ணன் தங்கையா?” என்று வாயைப் பிளந்தார் மிஸ். விளக்கிச் சொன்னதும் அவர் முகம் சிவந்துபோனது. சண்டை போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

பட்டியலில் என் பெயர் இல்லை. அந்த இருபத்து நாலு பேரில் எங்கள் ஆட்கள் என்று நான் ஒருத்திதான். எனக்குப் பதிலாக வேறு வகுப்பிலிருந்து, ஒரு அடிகூட எடுத்து வைத்துப் பழகாத பெண்ணைக் கூட்டி வந்து வெள்ளகோவில்காரனுக்குத் தங்கையாக்கினார்கள். “கேசட் போடறதுக்குப் பொறுப்பான ஆள் வேணும் கண்ணு, நீதான் சரி” என்றார் பேராசிரியர். எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதானாலும் ‘கொஞ்சம் தலையைத் திருப்பிக்குங்க’ என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள். வாயை மூடிக்கொண்டு நாலு வாரம் கேசட் சுற்றினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் அவர்களை விட என் மேல்தான் கோபம் கோபமாக வருகிறது.

விழா அன்று தாளாளரும் விருந்தினர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். பாட்டைப் போட்டேன். புதுத் தங்கை என் பழைய ஜோடியின் காலை மிதித்தாள். மறுபடி மிதித்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பட்டனை அமுக்கி நிறுத்தினேன்.

“கரண்ட் போச்சா கண்ணு?” என்றார் பேராசிரியர்.

“இல்லைங்க சார். நாந்தான் நிறுத்தினேன். நானும் ஆடணுங்க.”

“யாரு கூட கண்ணு?”

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

“இங்க எனக்கு யாரு அண்ணன் முறையோ அவங்க கூடங்க சார்” என்றேன்.

பன்னிரண்டு பையன்கள் நின்றார்கள். ஒருத்தன் ஷூவைப் பார்த்தான், ஒருத்தன் ஃபேனைப் பார்த்தான். ஒருத்தனும் வரவில்லை. மிஸ் மட்டும் எழுந்து என்னை நோக்கி வந்தார். அதற்குள் பேராசிரியர் தானே வந்து பட்டனை அமுக்கிவிட்டார். பாட்டு ஓடியது. ஆடினார்கள். நான் வெளியே நடந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் அவிநாசி பஸ்ஸுக்காக நின்றபோது வெள்ளகோவில்காரன் மூச்சிரைக்க ஓடி வந்தான். “கோவிச்சுக்காதீங்க. எனக்கும் சங்கட்டமாத்தாங்க இருக்குது. உங்கள நான் சொந்தத் தங்கச்சி மாதிரிதாங்க நெனைக்கறேன்” என்றான். கண்ணில் தண்ணீர்கூட நின்றது.

“அப்ப வாங்க, உள்ள போலாம். இதையே அங்க வந்து சொல்லுங்க” என்றேன், நன்றாகச் சத்தமாக.

யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று சுற்றும் முற்றும் பார்த்தான்.